பழைய தெருவில் வீடா? ஜன்னலைக் கழற்றும் முன் கவுன்சிலுக்கு ஒரு நடை போய் வாருங்கள்

மாடி முன்பக்கத்து மரஜன்னல் இரண்டைக் கறையான் அரித்துவிட்டது. கொன்ட்ரேக்டர் வந்து பார்த்தார், அலுமினியம் போட்டுவிடலாம், இரண்டே நாள், இதற்கெல்லாம் யாரும் பெர்மிட் கேட்க மாட்டார்கள் என்றார். நானும் தலையாட்டினேன். மூன்றாம் நாள் காலை கவுன்சில் அமலாக்க அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்து, எதிர் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் கூரைக்குக் கீழே போகும் நடைபாதையில், நின்று நாலு படம் எடுத்து, கையில் ஒரு நோட்டீசைக் கொடுத்துவிட்டுப் போனார். புது ஜன்னலைக் கழற்றி, மறுபடி மரத்தில் செய்து மாட்டி முடிப்பதற்குள் இரண்டு மடங்கு செலவு. அந்த அலுமினியச் சட்டங்கள் இன்னும் பின்கட்டில் சாய்ந்து கிடக்கின்றன, துணி காயப்போட உதவுகின்றன.

எங்கள் ஊர் பேராக்கில், சுற்றிலும் செம்பனைத் தோட்டம் இருக்கிற சின்ன ஊர். முன்பு எல்லாம் ரப்பர். தோட்டத்துச் சம்பள நாளென்றால் கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருக்காது என்று பாட்டி சொல்வார். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த தாத்தா சேர்த்த பணத்தில் வாங்கியதுதான் இந்தக் கடைவீடு. கீழே அத்தை மகன் தையல் கடை வைத்திருக்கிறார், மேலே நாங்கள். இந்த மாதிரி வீடு வைத்திருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் என்னிடம் இதுவரை ஏழெட்டுப் பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்.

முதலில், உங்கள் வீடு பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். மரபுடைமை என்றாலே ஜார்ஜ் டவுன், மலாக்கா என்று நினைக்கிறோம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை அவை, சரிதான். ஆனால் நம் மாதிரிச் சின்ன ஊர்களிலும் பழைய கடைத்தெருவை மட்டும் தனி மண்டலமாகக் குறித்து வைத்திருப்பார்கள், அது பெரும்பாலும் கவுன்சிலின் உள்ளூர்த் திட்டத்தில், அதாவது ரஞ்சாங்கான் தெம்பாத்தானில், ஒரு வண்ணக்கோடாக இருக்கும், தெருவில் பலகை எதுவும் இருக்காது. எங்கள் தெருவிலும் இல்லை. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் அரசிதழில் அறிவிக்கப்பட்ட இடம் என்றால் விஷயம் இன்னும் கனம், மரபுடைமை ஆணையரின் கருத்தையும் கேட்ட பிறகுதான் கவுன்சில் முடிவு செய்யும். இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று தெரியாமல் பக்கத்து ஊர்க்காரர் சொன்னதைக் கேட்டு நடக்காதீர்கள்.

கேட்க வேண்டிய இடம் கவுன்சிலின் நகரத் திட்டமிடல் பிரிவு, ஜபாத்தான் பெரஞ்சாங்கான் பண்டார். கட்டடப் பிரிவுக் கவுன்டரில் கேட்டால் அவர்கள் பாரத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், மண்டலம் பற்றி இவர்களிடம்தான் பதில் இருக்கும். கெரானில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், இருக்கும் லாட் நம்பரைக் கொண்டு போங்கள், வீட்டு நம்பர் போதாது. நகரத் திட்டமிடல் துறையான பிளான்மலேசியாவின் ஐ-பிளான் இணையத்தளத்தில் நிலப் பயன்பாட்டு வரைபடம் வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் அதை ஒரு முன்னோட்டமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் சொல்வதை வாயால் கேட்டுவிட்டு வராமல், ஒரு பக்கக் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வாருங்கள். ஆறு மாதம் கழித்து அந்த அதிகாரி மாறியிருப்பார், முத்திரை போட்ட தாள் உங்கள் கையிலேயே இருக்கும்.

சரி, பகுதிக்குள்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது, செய்யப்போகும் வேலைக்கு என்ன பெயர் என்பது. மூன்று மலாய்ச் சொற்கள் இருக்கின்றன: பாய்க் பூலே, ஊபா சுவாய், தம்பாஹான். முதலாவது பழுது பார்ப்பது, இருந்ததை இருந்தபடியே சரிசெய்வது. இரண்டாவது மாற்றியமைப்பது. மூன்றாவது புதிதாகச் சேர்த்துக் கட்டுவது. தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘வீட்டு வேலை’ என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் பாரத்தில் எந்தச் சொல்லை எழுதுகிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் உங்கள் கோப்பு எந்த மேசைக்குப் போகும், எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதெல்லாம். உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு அதே மாதிரி ஓடு போடுகிறவர் படபடப்பில் ஊபா சுவாய் என்று எழுதிவிட்டு, பிளான் எங்கே என்று கேட்டதும் விழிப்பதை நான் கவுன்டரிலேயே பார்த்திருக்கிறேன். அதற்காக அலுமினியம் மாட்டிவிட்டு பாய்க் பூலே என்று எழுதாதீர்கள். அவர்களுக்குக் கண் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், கொன்ட்ரேக்டர் ‘இதுக்கெல்லாம் வேண்டாம்’ என்று சொல்லும்போது உதவும். தீபகற்ப மலேசியாவில் இரண்டு சட்டங்கள் முக்கியம். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், எல்லாரும் அக்தா 172 என்பது, அதுதான் திட்டமிடல் அனுமதி பற்றியது. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது அக்தா 133, கட்டட அனுமதி பற்றியது. அக்தா 172இன் 19ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: வீட்டின் உட்புறத்தை மட்டும் தொடுகிற பராமரிப்பு, சீரமைப்பு வேலைக்குத் திட்டமிடல் அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த வேலை கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றக் கூடாது, வெளித்தோற்றத்தைக் குறிப்பிடும்படி மாற்றக் கூடாது, உயரமோ பரப்போ கூடக் கூடாது, கால்வாய், கழிவுநீர், கட்டடத்தின் உறுதி இவற்றைப் பாதிக்கக் கூடாது, உள்ளூர்த் திட்டத்துக்கு முரணாகவும் இருக்கக் கூடாது. ஆக, சமையலறை அலமாரியை மாற்றுவது, உள்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது, தரையில் டைல்ஸ் போடுவது உங்கள் சுதந்திரம் என்றே எடுத்துக்கொள்ளலாம். குளியலறையை இடம் மாற்றினால் கழிவுநீர்க் குழாய் வந்துவிடும், அப்போது கேட்டுத்தான் ஆக வேண்டும். அனுமதி இல்லாமல் மேம்பாட்டு வேலை செய்தால் இதே சட்டத்தின் 26ஆம் பிரிவில் அபராத உச்சவரம்பு 5 லட்சம் ரிங்கிட், அல்லது 2 ஆண்டு சிறை, அல்லது இரண்டும். ஜன்னலுக்கு யாரும் 5 லட்சம் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை, ஆனால் எண் அதுதான்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது: எவ்வளவு செலவு என்பதை வைத்து வேலை சின்னதா பெரியதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. தெருவில் நின்று பார்த்தால் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். உள்ளே 40,000 ரிங்கிட்டுக்குச் சமையலறை கட்டிக்கொள்ளலாம், முன்பக்கம் 300 ரிங்கிட் ஏர்கோன் தாங்கியை அடிக்கும் முன் கேட்க வேண்டும்.

அப்புறம் நம் ஆட்கள் பாதிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம், கெரான் யார் பெயரில் இருக்கிறது என்பது. விண்ணப்பம் போடுகிறவர் பதிவு பெற்ற உரிமையாளராக இருக்க வேண்டும், அல்லது அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். எங்கள் கெரானில் தாத்தா பெயர்தான் இருந்தது. அவர் இறந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, மதிப்பீட்டு வரி ரசீது மட்டும் வருடா வருடம் அவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது, நாங்களும் கட்டிக்கொண்டிருந்தோம், யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. கவுன்டரில் இருந்த அம்மா கெரான் நகலைப் பார்த்துவிட்டு, இவர் கையெழுத்துப் போட வருவாரா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

உயில் எதுவும் இல்லாத சிறு சொத்து என்றால், சொத்து இருக்கும் மாவட்டத்து நில அலுவலகத்தில் பாரம் ஏ கொடுத்துப் பகிர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1955ஆம் ஆண்டு சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் கீழ் வருவது இது. விசாரணை நாள் குறிப்பார்கள், வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும், வர முடியாதவர் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். சிங்கப்பூரில் ஒரு சித்தப்பா, பேசிக்கொள்ளாத இரண்டு அத்தைகள் என்று குடும்பம் இருந்தால் இன்னும் கூடும். வீடு இடிந்து விழும் நிலைக்கு வரும் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். பல பேர் பெயரில் கெரான் மாறியிருந்தால் அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும். தீபாவளிக்கு எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள் அல்லவா, முறுக்குத் தட்டோடு பாரத்தையும் நீட்டிவிடுங்கள், நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

தோட்டத்து லயத்திலோ கம்பெனி வீட்டிலோ இருப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. நிலம் கம்பெனியுடையது, ஒரு சிங்க் தகடு மாற்றினாலும் அலுவலகத்தில் கடிதம் வாங்க வேண்டியதுதான்.

இனி கோப்பு. கவுன்சிலுக்குக் கவுன்சில் பட்டியல் கொஞ்சம் மாறும், ஆனால் கேட்பது ஏறக்குறைய இவைதான்: நிரப்பிய பாரம், அடையாள அட்டை நகல், கெரான் நகல், அந்த வருடத்து மதிப்பீட்டு வரி ரசீது, நிலவரி ரசீது, வேலையைக் காட்டும் வரைபடம், படங்கள், ஒட்டிய வீட்டுக்காரர்களின் சம்மதக் கடிதம். வரி பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் கவுன்டரில் பேச்சே அங்கேதான் தொடங்கும். சின்னப் பழுது வேலைக்குச் சில இடங்களில் நீங்களே அளந்து வரைந்த படம் போதும். சுவரை இடிப்பது, கூரைச் சட்டத்தை மாற்றுவது என்றால் மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட்டோ, பெலுக்கிஸ் பெலான் எனும் கட்டட வரைவாளரோ கையெழுத்திட வேண்டும், அமைப்பு உறுதியைத் தொட்டால் இன்ஜினியரும் வருவார். பெரிய விண்ணப்பங்கள் கவுன்சிலின் ஓஎஸ்சி (ஒன் ஸ்டாப் சென்டர்) வழியாகப் போகும். வேலை உண்மையிலேயே சின்னது என்றால் சிறு வேலைக்கான பெர்மிட் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

படம் எடுப்பதில் சோம்பல் வேண்டாம், என் விண்ணப்பம் நகர்ந்ததற்குக் காரணமே படங்கள்தான் என்று நினைக்கிறேன். காலை ஏழரைக்கு, கார்கள் வந்து அடைக்கும் முன், எதிர் அஞ்சடியில் நின்று உங்கள் வீட்டையும் இரு பக்கமும் இரண்டிரண்டு வீட்டையும் சேர்த்து ஒரே படமாக எடுங்கள். அதிகாரிகள் வரிசையைத்தான் பார்க்கிறார்கள், தனி வீட்டை அல்ல. அப்புறம் பழுதான இடத்துக்குப் பக்கத்தில் அளவு டேப்பை வைத்து எடுங்கள். ஜன்னல் பலகையின் தடிமன், சாய்சட்டங்கள் எத்தனை, அவற்றுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, கீல் எந்த வகை, எல்லாம் தெரிய வேண்டும். எங்கள் ஜன்னலில் ஒரு கதவுக்கு 22 சாய்சட்டம். தச்சர் 18 போதும் என்றார். படத்தைக் காட்டித்தான் 22 போட வைத்தேன், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஜன்னலோடு பார்க்கும்போது பல்வரிசை மாறின மாதிரி இருந்திருக்கும்.

என்ன பொருள் போடப்போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள், ‘ஜன்னல் மாற்றுதல்’ என்று ஒரு வரியில் விட்டுவிடாதீர்கள். ‘மாடி முன்பக்க மரஜன்னல் இரண்டு, அதே அளவு, அதே வடிவம், மரம், பச்சை எண்ணெய்ப் பெயிண்ட்’ என்று எழுதினால் கேள்வி கேட்க அவர்களுக்கு ஒன்றும் இருக்காது.

சுவர்ப் பூச்சு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில்தான் வீடுகள் கெட்டுப்போகின்றன. பழைய கடைவீடுகளின் செங்கல் சுவரில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்துதான் இருக்கும். ஒரு சாவியை எடுத்து மூலையில் கீறிப் பாருங்கள். வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கெட்டியாகக் கோடு மட்டும் விழுந்தால் யாரோ முன்பே சிமெண்ட் பூசிவிட்டார்கள் என்று அர்த்தம். இந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்பு வழியாக வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே தங்கி, ஒன்றிரண்டு மழைக்காலத்தில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் மாதிரி எழும்பிவிடும், அதோடு செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயரும். எங்கள் வீட்டுக் கீழ்ச்சுவரில் அப்பா காலத்தில் நடந்தது இதுதான். கவுன்சில் சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும், மூச்சு விடும் பெயிண்ட்தான் வேண்டும் என்று நிபந்தனை போட்டால், தொல்லை கொடுக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது உங்கள் சுவருக்கு நல்லது.

அடிக்கடி கேட்கப்படும் மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர்கோன் வெளிப்பெட்டி, ஆஸ்ட்ரோ தட்டு, தண்ணீர்த் தொட்டி, சூரியத் தகடு எல்லாவற்றையும் பின்பக்கம் அல்லது பின் கூரைச் சரிவில் வைப்பதாகக் காட்டினால் சண்டை குறைவு. கூரையில் பழைய ஓடு இருந்தால், ஒழுகுகிறது என்று முழுவதையும் எடுத்துவிட்டு மெட்டல் தகடு போட நினைக்காதீர்கள். உடைந்த ஓட்டை மட்டும் எண்ணி, இடித்த வீட்டு ஓடு விற்கிறவர்களிடம் அதே வகை தேடுங்கள், ஒன்றை எடுத்துப் போய் முதுகில் இருக்கும் முத்திரையையும் பொருந்தும் பள்ளத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். முன்பக்க இரும்புக் கிரில் உட்புறமாகப் போட்டால் சில இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். அஞ்சடி உங்கள் வீட்டின் முன்னால் இருந்தாலும் மக்கள் நடக்கும் வழி, அதில் சுவரோ கேட்டோ வைக்கக் கனவிலும் கேட்காதீர்கள். கடைப் பலகைக்குத் தனி லைசென்ஸ், அதில் மலாய் எழுத்து முன்னிலையில் இருக்க வேண்டும், மலாய் மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசாவின் சரிபார்ப்பும் கேட்பார்கள். நெற்றிச் சுவரில் சாந்தில் செதுக்கிய பழைய தமிழ்ப் பெயரோ ஆண்டோ இருந்தால் அது பலகை அல்ல, கட்டடத்தின் பாகம், அதை மறைக்காமல் இருப்பதாகப் பாரத்திலேயே எழுதிவிடுங்கள். பின்வாசல் மாமரத்தை வெட்டுவதற்கும் கேட்க வேண்டி வரலாம், சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்துக்கு அக்தா 172இல் தனிப் பிரிவே இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயம். வரிசை வீட்டில் சுவர் இருவருக்கும் பொது, மழைத் தகரமும் பொது. எங்கள் இடப்பக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற அங்கிள், கடிதத்தில் கையெழுத்துப் போட மூன்று நாள் யோசித்தார், அவர் பயம் நியாயமானது, நாங்கள் தட்டினால் அவர் சுவரில் விரிசல் விழும். வேலை தொடங்கும் முன் அவர் வீட்டுச் சுவரையும் உள்ளே போய்ப் படம் எடுத்து, ஒரு பிரதியை அவருக்கும் கொடுத்தேன். அன்று மாலையே கையெழுத்து வந்தது.

கொடுத்த பிறகு காத்திருக்க வேண்டும். எனக்கு ஐந்து வாரம் ஆனது, நடுவில் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது போய் நிற்காதீர்கள், நம்மைப் போலவே ஊர் முழுக்க அப்போதுதான் பெயிண்ட் டப்பாவோடு நிற்கும். வாரம் ஒருமுறை கோப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பெயரைச் சொல்லிக் கேட்டால் கோப்பைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும்.

அனுமதிக் கடிதம் வந்ததும் முதல் பக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள், நிபந்தனை எல்லாம் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கும். எந்தத் தேதிக்குள் தொடங்க வேண்டும், எந்த நேரத்தில் தட்டலாம், குப்பையை ரோரோ தொட்டியில்தான் (லாரியில் ஏற்றிச் செல்லும் பெரிய இரும்புத் தொட்டி) போட வேண்டுமா, பெயிண்ட் நிறத்துக்கு முதலில் சுவரில் ஒரு சதுரம் அடித்துக் காட்ட வேண்டுமா என்பதெல்லாம் அங்கே. அதை நகலெடுத்துக் கொன்ட்ரேக்டரிடம் கொடுத்து, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். பெர்மிட்டை வாசலில் தெரியும்படி ஒட்டிவையுங்கள்.

மறுத்துவிட்டால் உடனே மேல்முறையீடு என்று கிளம்பாதீர்கள். திட்டமிடல் அனுமதி மறுக்கப்பட்டால், முடிவு கிடைத்த ஒரு மாதத்துக்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகச் சட்டத்தில் வழி இருக்கிறது, தேதியை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு, முதலில் அதிகாரியிடம் போய் எதை மாற்றினால் ஒத்துக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். பல சமயம் ஒரு பொருளையோ நிறத்தையோ மாற்றினால் முடிந்துவிடும். என்னைப் போல முன்பே வேலையைச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள், நோட்டீசில் இருக்கும் தேதிக்குள் நேரில் போய்விடுங்கள், பழைய ஜன்னலின் படம் ஒன்றாவது இருந்தால் கொண்டு போங்கள். எனக்குக் கிடைத்தது அக்கா கல்யாண ஆல்பத்தில், மாப்பிள்ளை அழைப்புப் படத்துக்குப் பின்னால். அதை வைத்துத்தான் தச்சர் சாய்சட்டத்தின் சரிவைச் சரியாகப் பிடித்தார்.

வேலை முடிந்ததும் அதே இடத்தில், அதே எதிர் அஞ்சடியில் நின்று, அதே கோணத்தில் மறுபடி படம் எடுத்து, முடிந்துவிட்டது என்று கடிதம் கொடுங்கள். சாலை, கால்வாய் சேதத்துக்காக வைப்புத்தொகை கட்டியிருந்தால் அப்போதுதான் திரும்பக் கேட்க முடியும், அதற்கு மூல ரசீது வேண்டும். ரசீது அந்தச் சூட்டுத் தாளில் அடித்தது, எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், வாங்கிய அன்றே நகலெடுத்து கெரானோடு சேர்த்து வையுங்கள். என்னுடையது பாதி மங்கியிருந்தது, கவுன்டர் அம்மா விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துத்தான் எண்ணைப் படித்தார்.